மண்டைக்குள்ள எங்கே? - மூளைக்கட்டியைத் தேடின கதை

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டிப் பிழைப்பவன். தலைவலி இருக்கறவங்க நல்ல டாக்டரைப் பாருங்க, இந்தப் பதிவைப் பார்க்காதீங்க :-)

மூளைக்கட்டின்னதும் நமக்கெல்லாம் ஞாபகம் வர்றது சினிமாதான். ஹீரோயினுக்கு மூக்குல ரத்தம் வரும். டாக்டர் ஒரு ஃபிலிமை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டுவார். கழட்டினா முடிஞ்சது கதை. அந்த ஃபிலிமைத் தூக்கிப் பிடிக்கிற மூணு செகண்டுக்குப் பின்னாடி தொண்ணூறு வருஷக் கதை இருக்கு, அதைத்தான் இங்க சொல்லப் போறேன். என்னைக் கேட்டா மூளைக்கட்டி வைத்தியத்தோட வரலாற்றுல முக்கால்வாசி கத்தியைப் பத்தினது இல்லை. "கட்டி எங்கே இருக்கு?"ங்கற ஒரே கேள்வியைப் பத்தினது.

வயித்துல கட்டின்னா அமுக்கிப் பார்க்கலாம். கழுத்துல கட்டின்னா கண்ணுக்கே தெரியும். மண்டை ஓடு மூடின பெட்டி. உள்ள வளர்றது புற்றுநோயா இல்லாட்டிக்கூட, இடம் இல்லாததால பக்கத்துல இருக்கிற மூளையை நசுக்கும். காலையில எழுந்ததும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கறது எல்லாம் அந்த அழுத்தத்தோட வேலை. 1851-ல ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள்ள பார்க்கிற கருவியைக் கண்டுபிடிச்சப்புறம், கண் நரம்போட முனை வீங்கியிருக்கறதை வெச்சு உள்ள அழுத்தம் கூடியிருக்குன்னு சொல்ல முடிஞ்சது. ஆனா எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம்? அதுக்கு வழியே கிடையாது.

முதல்ல கிடைச்ச வழி, உடம்பையே வரைபடமாப் படிக்கிறது. டேவிட் ஃபெரியர் என்கிற ஸ்காட்லாந்து மருத்துவர் குரங்குகளோட மூளையில சின்னதா மின்சாரம் கொடுத்து, எந்த இடத்தைத் தொட்டா எந்த உறுப்பு அசையுதுன்னு குறிச்சு வெச்சார். (இதுக்காக 1881-ல அவர் மேல வழக்கே போட்டாங்க, மிருகவதைன்னு. தப்பிச்சுட்டார்.) கிளாஸ்கோவுல வில்லியம் மக்யூவன் இந்த மாதிரி அடையாளங்களை வெச்சு 1879-லயே ஒரு சின்னப் பொண்ணுக்கு மூளை உறையில இருந்த கட்டியை எடுத்தார். ஆனா எல்லாரும் சொல்ற கதை 1884, லண்டன்.

25 வயசு ஸ்காட்லாந்து விவசாயி ஒருத்தர். முகத்தோட இடது பக்கம் துடிக்க ஆரம்பிச்சு, அப்புறம் இடது கைக்குப் பரவி, கடைசியில கை விளங்காமப் போச்சு. தலையில வெளியில எந்த அடையாளமும் இல்லை. ஹியூஸ் பென்னட் என்கிற நரம்பு மருத்துவர் துடிப்பு எந்த வரிசையில பரவுச்சுங்கறதை ஃபெரியரோட குரங்கு வரைபடத்தோட ஒப்பிட்டுப் பார்த்து, வலது மூளையில இன்ன இடம்னு சொன்னார். 1884 நவம்பர் 25 அன்னிக்கு ரிக்மன் காட்லீ மண்டையைத் திறந்தார். மேற்பரப்புல ஒண்ணும் தெரியலை. கொஞ்சம் கீறிப் பார்த்தா, சொன்ன இடத்துலயே வால்நட் அளவுக்குக் கட்டி! உள்ள என்ன ஓடுதுன்னு லாக் எதுவும் இல்லாம, வெளியில வர்ற எர்ரரை மட்டும் வெச்சு பக் எந்த வரியில இருக்குன்னு சொல்ற மாதிரி. எனக்கு இன்னிக்கும் இது ஆச்சரியம்தான்.

நோயாளி 28-வது நாள் காயத்துல சீழ் பிடிச்சு இறந்துட்டார். கிருமிநாசினி முறையை உலகத்துக்குக் கொடுத்த லிஸ்டரோட அக்கா மகன்தான் இந்த காட்லீ. அவர் கையிலயே அப்படி ஆச்சுங்கறது விதியோட கிண்டல்.

இந்த முறையில ஒரு பெரிய ஓட்டை உண்டு. கை காலை அசைக்கிற பகுதியில கட்டி வந்தா கண்டுபிடிச்சிடலாம். மூளையில பெரும்பகுதி அப்படி வாயைத் திறந்து எதையும் சொல்லாது. முன்மூளையில எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருக்கும், வீட்டுல "இவர் முன்ன மாதிரி இல்லை, எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கார்"னு மட்டும் சொல்லுவாங்க.

1895-ல எக்ஸ்ரே வந்ததும் பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சிருப்பாங்க. தீரலை. எக்ஸ்ரேக்கு எலும்பு தெரியும், காத்து தெரியும். மூளையும் கட்டியும் மூளையைச் சுத்தியிருக்கிற நீரும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதுக்கு மேல ரெண்டு பக்கமும் எலும்புச் சுவர் வேற.

இந்த இடத்துல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில வால்டர் டேண்டி வர்றார். மூளைக்குள்ள வெண்ட்ரிக்கிள்னு நாலு அறை உண்டு, உள்ள நீர் இருக்கும். எக்ஸ்ரேக்குக் காத்து தெரியும்ல? அப்ப அந்த நீரை எடுத்துட்டுக் காத்தை அடைச்சா? மண்டையில ஓட்டை போட்டு ஊசியை விட்டு, 1918-ல அதைச் செஞ்சும் காட்டினார். படத்துல அறைகளோட வடிவம் கறுப்பாத் தெரியும். ஒரு அறை நசுங்கியோ தள்ளியோ இருந்தா, தள்ளினது யாருன்னு யூகிச்சுக்கலாம். கட்டி அப்பவும் தெரியாது. கட்டியோட நிழல் கூட தெரியாது. கட்டி பண்ணின கலாட்டா மட்டும் தெரியும். அடுத்த வருஷமே முதுகுத்தண்டு வழியாக் காத்தை ஏத்துற முறையும் வந்துடுச்சு.

படிக்கும்போதே புத்திசாலித்தனம்னு தோணுது இல்லையா? நோயாளி பக்கமிருந்து பாருங்க. முழிச்சிருக்கும்போதே முதுகுல ஊசி போட்டு நீரை எடுத்து, காத்தை ஏத்துவாங்க. காத்து மேல ஏறி மூளைக்குப் போகும். மண்டையைப் பிளக்கிற வலி, வாந்தி. காத்து எல்லா அறைக்கும் போகணும்னு ஆளை நாற்காலியோட கட்டித் தலைகீழாத் திருப்பற ஏற்பாடெல்லாம் பின்னாடி வந்துச்சு. பரிசோதனை முடிஞ்சப்புறமும் காத்து கரைஞ்சு நீர் மறுபடி ஊறற வரைக்கும் நாள் கணக்குல தலைவலி. உள்ள அழுத்தம் அதிகமா இருக்கிறவங்களுக்கு முதுகு வழியா நீரை எடுத்தா மூளை கீழ இறங்கி உயிருக்கே ஆபத்து. இப்படித்தான் 1970கள் வரைக்கும் ஓட்டினாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல!

அடுத்த வழி போர்ச்சுகல்ல இருந்து. எகாஸ் மோனிஸ் 1927-ல கழுத்து ரத்தக்குழாய்ல சாயத்தை ஏத்தி மூளையோட ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார். இன்னிக்கும் பயன்படுற கண்டுபிடிப்பு. அவருக்கு 1949-ல நோபல் கிடைச்சது, ஆனா இதுக்கு இல்லை. மனநோயாளிகளோட முன்மூளை நரம்பிணைப்பை அறுக்கிற, பிற்காலத்துல எல்லாரும் வெட்கப்பட்ட அந்த ஆபரேஷனுக்கு. நோபல் கமிட்டியைப் பத்தித் தனியா இன்னொரு நாள் திட்டிக்கறேன்.

இந்தக் காலத்தோட பெரிய கை, ஹார்வி குஷிங். கட்டியைக் கண்டுபிடிச்சாலும் திறந்ததும் ரத்தம் கொட்டி ஆள் செத்துடுவாங்க. அதைக் கட்டுக்குள்ள கொண்டு வந்தவர் இவர். வெள்ளியில குட்டி கிளிப் செஞ்சு ரத்தக்குழாய்களைக் கவ்வ வெச்சார். 1926-ல பௌவி என்கிறவரோட மின்கத்தியை மூளை ஆபரேஷனுக்குக் கொண்டு வந்தார். 1931-ல தன்னோட 2000-வது மூளைக்கட்டி ஆபரேஷனை முடிச்சார். அவர் வழியில வந்தவர்தான் ஸ்வீடனோட ஒலிவெக்ரோனா.

அந்த ஒலிவெக்ரோனாகிட்ட வந்த ஒரு நோயாளியைப் பத்திச் சொல்லியே ஆகணும், ஏன்னா அவர் நம்மள மாதிரி எழுதறவர். காரிந்தி, ஹங்கேரியோட நகைச்சுவை எழுத்தாளர். உலகத்துல யாரையும் யாரோடயும் ஆறு கை தொடர்புல இணைச்சிடலாம்னு இன்னிக்கு சோஷியல் நெட்வொர்க் ஆட்கள் சொல்றாங்களே, அந்த யோசனையை 1929-லயே ஒரு கதையில எழுதினது இவர்தான். 1936 மார்ச்ல புதாபெஸ்ட்ல ஒரு காஃபிக் கடையில உட்கார்ந்திருக்கார். ரயில் கிளம்பற சத்தம் கேட்குது. அந்த ஊர்ல அந்தத் தெருவுல ரயிலே கிடையாது. அடுத்த நாளும் ரயில். கடைசியில கண் மருத்துவப் பரிசோதனையில நரம்பு வீங்கியிருக்கறது தெரிஞ்சு, ஸ்டாக்ஹோம் போய் மே மாசம் ஆபரேஷன். சிறுமூளையில கட்டி. மரத்துப்போக ஊசி மட்டும்தான், மயக்கம் கிடையாது. குப்புறப் படுத்துக்கிட்டு, தன் மண்டையைத் துளைக்கிற சத்தத்தைத் தானே கேட்டுக்கிட்டு, ஒரு எழுத்தாளர்! பிழைச்சு வந்து 1937-ல முழுப் புத்தகமா எழுதிட்டார். "என் மண்டையைச் சுற்றி ஒரு பயணம்"னு தலைப்பை மொழிபெயர்க்கலாம். ஆங்கிலத்துல கிடைக்குது, கட்டாயம் படிங்க. 1938-ல இறந்துட்டார்.

நம்ம ஊருக்கும் ஒரு வரி. இந்தியாவுல நரம்பறுவை சிகிச்சைக்குன்னு முதல் துறை 1949-ல வேலூர் சிஎம்சியில ஜேக்கப் சாண்டி ஆரம்பிச்சது. 1950-ல சென்னை ஜிஹெச்சுல ராமமூர்த்தி ஆரம்பிச்சார். இவங்களும் காத்தையும் சாயத்தையும் வெச்சுத்தான் இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்திருக்காங்க. கூடுதலா ஒரு தலைவலி, அப்ப இங்க மூளையில வந்த கட்டியில கணிசமானது டிபி கட்டி. எங்கேன்னு கண்டுபிடிச்சாலும் என்னன்னு தெரியாது.

சரி, இப்பதான் நம்ம ஆளு வர்றார். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1919-ல பிறந்த இங்கிலாந்து விவசாயி மகன். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, டிப்ளமோதான். போர்க்காலத்துல விமானப்படையில ரேடார் வேலை. அப்புறம் ஈஎம்ஐ கம்பெனி. ஆமாம், பாட்டு ரிக்கார்டு போட்ட அதே ஈஎம்ஐ. வீட்டுல பழைய எச்எம்வி நாய் படம் போட்ட ரிக்கார்டு இருந்தா, அது அந்தக் குடும்பம்தான். அங்க பிரிட்டனோட முதல் முழு டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர்கள்ல ஒண்ணை வடிவமைச்ச டீமுக்குத் தலைவர். அது முடிஞ்சப்புறம் அடுத்து என்ன செய்யலாம்னு யோசிக்கிறப்ப, 1967-ல அவருக்கு ஒரு கேள்வி வந்தது. மூடின பெட்டிக்குள்ள எல்லாத் திசையில இருந்தும் கதிரை விட்டு அளந்தா, திறக்காமலே உள்ள என்ன எங்க இருக்குன்னு கணக்குப் போட முடியுமா?

பேப்பர்ல வர்ற எண் புதிர் மாதிரிதான். ரெண்டுக்கு ரெண்டு, நாலு கட்டம். உள்ள எண்கள் தெரியாது. மேல் வரிசையோட கூட்டல் 5, கீழ் வரிசை 7. இடது பத்தி 4, வலது பத்தி 8. இது மட்டும் போதாது, பல விடை வரும். மேல் இடது மூலையில இருந்து கீழ் வலது மூலைக்குக் கூட்டினா 5னு இன்னொண்ணு சொல்லிட்டா, ஒரே விடைதான்: மேல 1, 4. கீழ 3, 4. போட்டுப் பாருங்க. எக்ஸ்ரே கதிர் ஒரு கோட்டுல போகும்போது எவ்வளவு மங்குதுங்கறது (லாகரிதம் எடுத்தா) அந்தக் கோட்டுல இருக்கிற கட்டங்களோட கூட்டல். சாதா எக்ஸ்ரே ஒரே ஒரு திசையில கூட்டி விடையைக் கொடுக்குது. அதான் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணாக் குழம்பிக் கிடக்கு. எல்லாத் திசையிலும் கூட்டினா பிரிச்சு எடுத்துடலாம்.

அவரோட கணக்கு, மூளையோட ஒரு துண்டை 80க்கு 80 கட்டமாப் பிரிச்சது. தெரியாத எண்கள் 6,400. ஒவ்வொரு டிகிரியாத் திருப்பி 180 கோணம், கோணத்துக்கு 160 அளவு. மொத்தம் 28,800 சமன்பாடு. கையால போட்டா ஆயுசு போயிடும்.

முதல் கருவியை ஒரு பழைய லேத் படுக்கை மேல கட்டினார். கதிர்வீச்சு பலவீனமா இருந்ததால ஒரு படத்துக்கு அளவெடுக்கவே 9 நாள், கணக்குப் போட கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். எக்ஸ்ரே குழாய் போட்டதும் 9 நாள் 9 மணி நேரமாச்சு. சோதனைக்கு மாட்டு மூளையை எடுத்துக்கிட்டு லண்டன் பொதுப் போக்குவரத்துல போய் வந்ததை அவரே எழுதி வெச்சிருக்கார். பக்கத்து சீட்டுக்காரர் பையில என்னன்னு கேட்டாரான்னுதான் தெரியலை :-)

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டன்ல அட்கின்சன் மார்லி மருத்துவமனை. மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். முன்மூளையில கட்டியா இருக்கலாம்னு சந்தேகப்பட்ட ஒரு பெண். தலையைச் சுத்தித் தண்ணிப் பை, ஒரு துண்டுக்குச் சில நிமிஷம், அவ்வளவுதான். காத்து இல்லை, ஊசி இல்லை. அளவுகள் காந்த நாடாவுல ஏறி, ஈஎம்ஐ கம்ப்யூட்டருக்குப் போய், படமாத் திரும்பி வந்தது. முன்மூளையில வட்டமா ஒரு கறுப்பு. ஆபரேஷன் செஞ்ச மருத்துவர், உள்ள இருந்தது அப்படியே படத்துல இருந்த மாதிரியே இருந்ததுன்னு சொன்னார். மண்டையைத் திறக்கறதுக்கு முன்னாடியே கட்டி அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சது.

இதுல வயித்தெரிச்சலான விஷயம் ஒண்ணு. இந்தக் கணக்கு புதுசு இல்லை. யோஹான் ராடான் என்கிற ஆஸ்திரியக் கணித மேதை 1917-லயே இதோட சூத்திரத்தை வெளியிட்டுட்டார். டேண்டி மூளைக்குள்ள காத்தடிக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி! அவருக்கு மருத்துவம் நினைப்புல இல்லை, சுத்தக் கணக்கு. கம்ப்யூட்டரும் அப்ப இல்லை, சரி. ஆனா 1963-64-ல ஆலன் கார்மாக் என்கிற தென்னாப்பிரிக்க இயற்பியலாளர், ராடானைத் தெரியாமலே தானாக் கணக்கைப் போட்டு எக்ஸ்ரேக்குன்னே வெளியிட்டார். யாரும் கண்டுக்கலை. லாஸ் ஏஞ்சலிஸ்ல வில்லியம் ஓல்டென்டார்ஃப் என்கிற நரம்பு மருத்துவர், காத்தடிக்கிற பரிசோதனையைச் செய்யவே பிடிக்காம, மகனோட பொம்மை ரயில் தண்டவாளத்தை எல்லாம் வெச்சு 1961-ல ஒரு மாதிரிக் கருவியே செஞ்சுட்டார். காப்புரிமையும் வாங்கினார். ஒரு எக்ஸ்ரே கம்பெனி, தலையை மட்டும் குறுக்குவெட்டாப் படம் எடுக்கிற மெஷினுக்கு மார்க்கெட் இல்லைன்னு பதில் போட்டுச்சு. 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும். மருத்துவ நோபல், ரெண்டு பேருமே மருத்துவர் இல்லை, பிஹெச்டியும் இல்லை. ஓல்டென்டார்ஃபை விட்டுட்டாங்க. என் ஓட்டு அவருக்கும் உண்டு. நோயாளி படற வேதனையைப் பார்த்துட்டு அங்கிருந்து கிளம்பின ஒரே ஆள் அவர்தான்.

அதுக்கப்புறம் 1980கள்ல எம்ஆர்ஐ வந்து, படம் இன்னும் துல்லியமாச்சு. மூளை உறையில வர்ற மெனிஞ்சியோமா மாதிரிக் கட்டிகளுக்கு இது பெரிய வரம். எங்க பெரியம்மாவுக்கு அப்படி ஒண்ணு. ஸ்கேன் அறையில இருந்து அஞ்சு நிமிஷத்துல வெளியில வந்து "இவ்ளோதானா?"ன்னு கேட்டாங்க. ஆபரேஷன் ஆகி இப்ப எங்க எல்லாரையும் அதட்டிக்கிட்டு நல்லா இருக்காங்க.

ஆனா என் டீம் நண்பன் ஒருத்தனோட அப்பாவுக்கு வந்தது கிளையோபிளாஸ்டோமா. எம்ஆர்ஐ படத்தை லேப்டாப்புல திறந்து வெச்சுக்கிட்டு அவன் கேட்டான்: "இவ்வளவு தெளிவா எங்க இருக்குன்னு தெரியுதுல்லடா, சுத்தமா எடுத்துட வேண்டியதுதானே?" இந்தக் கதையை எல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பிச்சதே அந்தக் கேள்வியாலதான்.

பதில் 1928-லயே இருக்கு. அதே டேண்டி. இந்த வகைக் கட்டியை எடுத்தாத் திரும்ப வருதேன்னு, ஏற்கனவே ஒரு பக்கம் விளங்காமப் போன நோயாளிகளுக்கு வலது பாதி மூளையை முழுசாவே எடுத்துப் பார்த்தார். அப்படியும் திரும்ப வந்துச்சு. படத்துல தெரியற உருண்டை கட்டியோட தலைநகரம் மாதிரி. அதோட செல்கள் நல்ல மூளைக்குள்ள நரம்பு வழிகளைப் பிடிச்சு ஏற்கனவே தூரமாப் போயிருக்கும், எதிர்ப் பக்கத்துக்கும் கூட. எந்த ஸ்கேன்லயும் தனித்தனிச் செல் தெரியாது. எங்கேன்னு கேட்டா, இந்தக் கட்டிக்கு ஓரமே கிடையாது.

அதனால ஆபரேஷனோட கதிர்வீச்சும் மருந்தும் சேர்க்கிறாங்க. 2005-ல வெளியான பெரிய ஆய்வுல 573 பேர். கதிர்வீச்சு மட்டும் எடுத்தவங்கள்ல பாதிப் பேர் 12.1 மாசத்தைத் தாண்டினாங்க. டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்தவங்களுக்கு அது 14.6 மாசம். ரெண்டரை மாசம்தானான்னு தோணும். ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்தவங்க கணக்கைப் பார்த்தா 10.4 சதவீதம் 26.5 ஆகியிருக்கு. சராசரியை மட்டும் பார்த்து மனசு உடையாதீங்கன்னு அவன்கிட்ட அந்த வாலைத்தான் காட்டினேன். ஆபரேஷனுக்கு முன்னாடி குடிக்கக் கொடுக்கிற ஒரு கரைசல் இப்ப இருக்கு. நீல வெளிச்சத்துல கட்டிச் செல்கள் இளஞ்சிவப்பா ஒளிரும், ஓரத்தை இன்னும் கொஞ்சம் துரத்தலாம். வேற வகை, மெதுவா வளர்ற கிளையோமாக்கள் சிலதுல ஐடிஹெச்னு ஒரு மரபணு மாறியிருக்கும்னு 2008-ல தெரிய ஆரம்பிச்சு, அதைக் குறிவெச்ச மாத்திரைக்கு 2024-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. இப்பக் கேள்வி "எங்கே"ல இருந்து "எந்த மாதிரிச் செல்"லுக்கு நகர்ந்துடுச்சு.

நண்பனோட அப்பா பதினாறு மாசம் இருந்தார். அதுல பத்து மாசம் தினமும் காலையில தானே நடந்து போய்ப் பேப்பர் வாங்கிட்டு வந்தார்.

கொசுறு 1: பீட்டில்ஸ் சம்பாதிச்சுக் கொடுத்த காசுலதான் ஸ்கேனர் வந்துச்சுன்னு ஒரு கதை சுத்துது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரிட்டிஷ் சுகாதாரத் துறை போட்ட பணமும் அதுல கணிசமா உண்டு. அந்தத் துறையைப் பத்தி யாரும் பாட்டு எழுதலை, அதான் பேர் வரலை.

கொசுறு 2: கார்மாக்கோட கட்டுரையை யாரும் கண்டுக்கலைன்னேன் இல்லையா? பிரதி அனுப்புங்கன்னு வந்த கடிதங்கள்லயே சுவாரசியமானது ஸ்விட்சர்லாந்துல பனிச்சரிவை ஆராயற நிலையத்துல இருந்து வந்ததுன்னு, நோபல் உரையில அவரே சொல்லியிருக்கார். மலைப் பனிக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணுமாம்.